பாத்திமா என்று ஒரு பெயர்

நம்முடைய கதைகளில் முஸ்லிம் பெண் ஒருத்தி வர வேண்டுமானால், ஆசிரியர் அநேகமாக அவளுக்குப் பாத்திமா என்று பெயர் வைத்துவிடுகிறார். வைத்ததுமே தம் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். அவள் வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள், பெற்றவள் அவளை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதெல்லாம் அவருக்கு அவசியமாகத் தோன்றுவதில்லை. மதத்தைச் சொல்லியாயிற்று, மனுஷியைப் பற்றிச் சொல்ல வேறென்ன இருக்கிறது?

இருக்கிறது. அந்தப் பெயரைச் சற்று விசாரித்தாலே தெரியும். பாத்திமா என்பது அரபுச் சொல். குழந்தைக்குப் பால் மறக்கச் செய்பவள் என்பது பொருள். மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற காரியம் நம் பெண்களுக்குப் புதிதல்ல. பூவும் நிலவும் இந்தப் பெயரில் இல்லை. ஒரு தாய் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு செய்கிற வேலைதான் இருக்கிறது. நபிகள் நாயகத்தின் மகளால் இப்பெயர் உலகமெங்கும் பரவியது. ஆனால் இஸ்லாத்துக்கு முன்பே அரபு நாட்டில் வழங்கிய பெயர் இது. நபிகளுடைய தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரும் இதுதான்.

இந்தப் பெயர் சேலம், நாமக்கல் சமவெளிக்கு ஒரே வழியாக வந்து சேரவில்லை. ராவுத்தர் வீடுகளில் தமிழே தாய்மொழி. அங்கே அவள் பாத்திமா பீவி. பாத்திமுத்து என்றும் சொல்வதுண்டு. பாத்திமத்துஸ் ஸுஹரா என்ற நீண்ட பெயரின் நடுவிலுள்ள ஒலியைத் தமிழ்க் காது முத்தாகக் கேட்டுக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தக்கினி உருது பேசுகிற வீட்டில் அவள் பாத்திமா பீ. கத்தோலிக்க வீட்டிலோ பாத்திமா மேரி! போர்த்துக்கல் தேசத்தில் பாத்திமா என்று ஓர் ஊர். அங்கே அரபுக்காரர்கள் ஆண்ட காலத்தின் சுவடு அந்தப் பெயர். 1917இல் அவ்வூரில் மூன்று குழந்தைகளுக்கு மாதா காட்சி கொடுத்தார் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. ஊரின் பெயர் மாதாவுக்கு ஆயிற்று. மாதாவின் பெயர் நம் ஊர்ப் பெண்களுக்கு ஆயிற்று.

ஆகவே ராசிபுரம் கடைவீதியில் நின்று யாராவது "பாத்திமா!" என்று கூப்பிட்டால், மூன்று விதமான வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்கலாம். கதாசிரியர் ஒட்டிய சீட்டு அவர் நினைத்த மதத்தைக்கூட நிச்சயமாகச் சொல்லவில்லை.

மலையாளத்தில் பஷீர் 1959இல் 'பாத்துமாவின் ஆடு' எழுதினார். தமிழிலும் வந்திருக்கிற நாவல். பாத்தும்மா அவருடைய தங்கை. வீட்டார் வாயில் புழங்கித் தேய்ந்த பெயர் அப்படியே புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அவள் ஆட்டுப் பாலை அவளுக்குத் தெரியாமல் பிறந்த வீட்டார் கறந்துகொள்கிறார்கள். அவள் ஆசை, சாமர்த்தியம், ஏமாற்றம் எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அவள் முஸ்லிம் என்பதை ஆசிரியர் நமக்குத் தனியாக நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

தெருவில் தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்கிறவர்கள் கதைக்குள் மட்டும் முகமில்லாமல் வந்துபோவது நியாயமல்ல. பாத்திமா என்று பெயர் வைப்பதில் தவறில்லை. ஆனால் அடுத்த கதையை எழுதுகிறவர், அவள் அம்மா அடுப்படியிலிருந்து அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.