சேர்த்து மேய்ப்பதா, மாற்றி மேய்ப்பதா?

பெங்களூருக்கு வெளியே தொட்டபள்ளாபுரம், ஆனேக்கல் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு மாட்டையும் ஆட்டையும் ஒன்றாக மேயவிடுவது லாபமா? புல்லை மட்டும் பார்த்தால் லாபம்தான். மாடு நாக்கை நீட்டிப் புல்லை வளைத்து இழுக்கும். தரையொட்டிய புல் அதற்கு எட்டாது. செம்மறி மெல்லிய உதட்டால் அடிப்புல்லைக் கொறிக்கும். வெள்ளாடு வேலியில் முன்னங்காலை ஊன்றித் தழையைப் பறிக்கும். தன் சாணத்தைச் சுற்றித் தழைத்த புல்லை மாடு ஒதுக்கிவிடும். செம்மறி அதையும் விடாது. கொங்கு நாட்டுக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லில், காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் தலைமுறைகளாக வளர்த்தவர்கள் இந்தக் கணக்கை அறிந்தவர்கள்.

சேர்த்து மேய்த்தால் குடற்புழு குறையும் என்பதைத்தான் அப்படியே ஏற்க முடியாது. செம்மறியின் ரத்தம் குடிக்கும் இரைப்பைப்புழு வளர்ந்த மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அந்த அளவுக்கு மாடு காட்டைச் சுத்தம் செய்கிறது. ஆனால் அதே புழு வெள்ளாட்டுக்கும் உண்டு. செம்மறியோடு வெள்ளாட்டை விட்டுவிட்டுக் கலப்பு மேய்ச்சல் என்று நம்புவது புழுவை வளர்ப்பதுதான். ஏரிக்கரைச் சேற்றில் நத்தை வழி வரும் கல்லீரல் தட்டைப்புழுவோ மூன்றையும் பிடிக்கும். ஆகவே பலன் தருவது கூட்டம் அல்ல, இடைவெளி. ஆடு மேய்ந்த துண்டில் அடுத்து மாடு, பிறகு சில வாரம் ஓய்வு என்று விட்டால், நம் வெயிலில் இளம்புழு ஆடு கிடைக்காமல் சாகும்.

நோய்களும் கூட்டத்துக்கு எதிராகவே பேசுகின்றன. நீலநாக்கு நோயின் கிருமி மாட்டின் உடம்பில் அறிகுறி காட்டாமல் இருக்கும். மழைக்காலத்தில் சிறு கடிபூச்சி அதைச் செம்மறிக்குக் கொண்டுபோனால் உதடு வீங்கி, கால் நொண்டி, மந்தையே படுத்துவிடும். பூச்சிக்கு வேலி ஏது? அதற்குத் தடுப்பூசிதான் வழி. தீவனத் தொட்டியையாவது பிரித்தே ஆக வேண்டும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையில் உள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் மெல்லத் தேங்கித் திடீரெனக் கொல்லும்.

சிறு விவசாயிக்கு இத்தனைக்கும் ஆள் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே கலப்பினப் பசுக்கள் பெரும்பாலும் கொட்டிலில்தான் நிற்கின்றன. கறவை வற்றிய மாட்டை ஆடு மேய்ந்த துண்டில் கட்ட ஒரு கயிறும் முளையும் போதும். ராகி நின்ற நான்கு மாதமும் ஆட்டின் கால் படாத நிலம் ஏறக்குறைய புழுவற்ற நிலம். அறுவடை முடிந்ததும் அந்தத் தாளில் முதலில் இறங்க வேண்டியவை மாடுகள் அல்ல, பால் மறந்த குட்டிகள்.