தூமகேதுவும் பாரதியாரின் ஐயமும்

பாரதியார் பாடல்களுள் நம் தோட்டப்புறத்தார் வாயில் அதிகம் வழங்காத பாட்டு ஒன்று உண்டு. ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்பது அதன் பெயர். 1910ஆம் ஆண்டில் ஹாலியின் வால்மீன் தோன்றியபோது, புதுவையில் வாழ்ந்த கவிஞர் அதனை முன்னிறுத்திப் பாடியது. கண்ணன் பாட்டுக்குக் கிடைத்த மதிப்பு இதற்குக் கிடைக்கவில்லை. இது நம்மவர் படிக்க வேண்டிய பாட்டு என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு புகழ நாம் முன்வரவில்லை.

அவ்வாண்டு மே மாத முற்பகுதியில் அவ்வால்மீன் விடியலுக்கு முன் கீழ்வானில் தெரிந்தது. நெகிரி செம்பிலானில் சிரம்பான், ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் முன்னோர்க்கு அதனைக் காணத் தூரதர்சினி வேண்டியிராது. பங்களாவில் உறங்கிய துரைக்கு முன்னரே பால்மரம் வெட்டுகிறவன் கண்டிருப்பான்!

பாட்டின் போக்கைக் கவனிப்போம். எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை அது மண்ணை அணுகும் என்பதைக் கவிஞர் ஐயமின்றிச் சொல்லிவிடுகிறார். தீயோரைத் தண்டிக்கும், புதுமைகளை விளைக்கும், இழந்த ஞானத்தை நமக்கு மீட்டுத் தரும் என்று ஊரார் கூறுவனவற்றையோ, உண்மைதானா என்று வால்மீனிடமே கேட்கிறார். கணக்கு ஒருபுறம், வதந்தி ஒருபுறம் என்று பிரித்தது அவரது கூர்மை. ஆனால் சொன்னவனை விட்டுவிட்டு வால்மீனை வினவுவது என்ன நியாயம்? விடையும் கூறாமல் பாட்டை முடித்துவிட்டார்.

சொன்னவனை வினவும் முறை எத்தகையது என்பதை ஹாலியின் வரலாறே காட்டும். 1682இல் தாம் கண்ட வால்மீன் 1758 அளவில் திரும்பும் என்று கூறிய அவர், 1742இல் இறந்து போனார். பின்னர் பிரெஞ்சு தேசத்துக் கிளேரோ என்பவர், லலாந்து, லெபோத் அம்மையார் ஆகியோர் துணையுடன் மாதக்கணக்கில் கணக்கிட்டார். வியாழனும் சனியும் ஈர்ப்பதால் தாமதம் நேரும், 1759 ஏப்ரல் நடுவில்தான் அது சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று முன்னரே வெளியிட்டார். 1758 கிறிஸ்துமஸ் இரவில் சாக்சனி நாட்டு உழவர் பாலிட்ஷ் அதனைக் கண்டுபிடித்தார். 1759 மார்ச் 13இல் அது சூரியனை நெருங்கிற்று. தவறினால் பிடிபடும்படி சொன்ன வாக்கு அது. 1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்று இந்தியாவெங்கும் யாகம் நடந்ததே, அவ்வாக்கைச் சொன்ன ஜோசியர் எவரேனும் பிறகு தட்சிணையைத் திருப்பிக் கொடுத்தாரா? கிரகங்கள் கூடியது மெய். அதுவும் கணக்கால் அறிந்ததே. அழிவு என்பது மட்டும் ஒட்டுச்சரக்கு.

இனி, நம்மை வருத்துகின்ற பகுதிக்கு வருவோம். பாரத நாட்டார் தம் நூல்களை மறந்து பல நூறாண்டு ஆயின என்றும், வால்மீனின் இயல்பை அயலார் சொல்லக் கேட்டே அறிந்தோம் என்றும் கவிஞர் ஏங்குகிறார். ஏக்கம் மெய்யானது, சரித்திரம் அவ்வளவு நேரானதன்று. வாரன் என்பவர் 1825இல் சென்னையில் அச்சிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில், புதுவைப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை எழுதியிருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் ஏறக்குறைய நான்கு நிமிஷமே பிழை. அதே புதுவையில்தான் 85 ஆண்டுகளுக்குப் பின் நம் கவிஞர் வான் நோக்கி ஏங்கினார்! கணக்கு மறக்கப்படவில்லை, அதன் காரணம்தான் மறக்கப்பட்டிருந்தது. அப்பஞ்சாங்கக்காரருக்குக் கணிக்கத் தெரிந்தது, ஏன் அவ்வாறு வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை. மேலும், குறித்த ஒரு வால்மீன் இன்ன ஆண்டில் மீளும் என்று முதலில் கணித்தவர் ஹாலியே. இல்லாததை நாம் மறந்திருக்க இயலாதல்லவா?

கபிலர் இவ்விடத்தில் நமக்கு நினைவு வருகிறார். சனி புகையினும், தூமம் தோன்றினும், வெள்ளி தென்திசை செல்லினும், பாரியின் நாட்டில் வளம் குன்றாது என்று புறநானூற்று 117ஆம் பாட்டில் அவர் பாடினார். நிமித்தத்தை அவர் மறுக்கவில்லை. செங்கோன்மை அதனினும் பெரிது என்றார். பாரதியார் கேள்வியோடு நின்ற இடத்தில் அப்புலவர் விடையோடு நிற்கிறார்.

ஆயினும் ஓர் அடிக்காகப் பாரதியாரை நாம் வணங்குவோம். மென்மையான வாயுவாலாகிய அவ்வால் மண்ணைத் தீண்டினாலும் ஏழைகளுக்கு இடர் செய்யாது போகும் என்று அறிஞர் கூறியதை அவர் மறவாமல் பாட்டில் வைத்தார். வாலில் நச்சுவாயு உண்டென்று மேனாட்டிலும் பலர் நடுங்கி மாத்திரை வாங்கிய காலம் அது. மே 18, 19 தேதிகளில் பூமி அவ்வாலைக் கடந்தது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த வருஷம். மறுநாளும் நம் மக்கள் வாளி சுமந்தனர். அவ்வாண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. ஊரார் சொன்ன ‘புதுமை’ இதுவே என்று யாரேனும் வாதிட்டால், அதைச் செய்தது சட்டம் என்போம்.

1986இல் அவ்வால்மீன் மீண்டும் வந்து சென்றது. அடுத்த முறை 2061 ஜூலை மாத இறுதியில் சூரியனை நெருங்கும். இன்று நம் தமிழ்ப் பள்ளிகளில் முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பொழுது நடுத்தர வயதாகியிருக்கும். அவர்கள் கையில் இப்பாட்டும் இருக்கட்டும். பக்கத்திலேயே கிளேரோவின் கணக்கும் இருக்கட்டும்.