நகைச்சுவைக்குள் ஒரு முதுமை

அமெரிக்கரான கென்னத் லோனர்கனின் ‘தி வேவர்லி காலரி’ நாடகம் 1999இல் முதன்முதலாக மேடையேறியது. நியூயார்க்கில் சிறியதோர் ஓவியக்கூடம் நடத்தும் கிளாடிஸ் கிரீன் ஒரு காலத்தில் வழக்கறிஞர். நினைவு தேய்ந்துவரும் அவரை மகள் எலனும் பேரன் டேனியலும் தாங்கும் பாடே கதை.

கேட்டதையே மீண்டும் கேட்கிறார் கிளாடிஸ், செவிக்கருவியோ உதவுவதில்லை. அவை சிரிக்கிறது. நோயாளியை நகையாடுவதா என நம்மவர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால், அனைவரும் ஒருசேரப் பேசி எவரும் எவருக்கும் செவிசாய்க்காத அக்குடும்பத்தைப் பார்த்தும்தானே சிரிக்கிறோம்! நள்ளிரவில் பேரனின் கதவுமணியை அவர் அழுத்தும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது.

பெற்றோரிடம் ‘சீ’ என்றும் சொல்லலாகாது என்பதை மிம்பரில் எளிதாகக் கூறிவிடுகிறோம். அச்சொல் நாநுனிவரை வருவது எப்படி என்பதை எலனிடம் காணலாம். அவள் அன்பற்றவள் அல்லள், களைத்தவள். அவ்வசனத்தில் ‘இந்தக’ என்றொரு சொல் உண்டு: ‘உம்மிடத்தில்’ என்பது பொருள். முதுமையுற்றோர் பிள்ளையின் வீட்டில், அவன் பொறுப்பில் இருப்பதை அது குறிப்பதாக முஃபஸ்ஸிர்கள் விளக்குவர். எலனும் முடிவில் தாயைத் தன் இல்லத்திற்கே அழைத்துக்கொள்கிறாள். அதன்பின்னும் அவளது எரிச்சல் தீர்ந்ததாக ஆசிரியர் பொய் சொல்லவில்லை. எனக்கு இந்நாடகத்தில் மிகப் பிடித்தது அந்த நேர்மையே.

குறையும் உண்டு. காட்சிகளுக்கிடையே டேனியல் அவையை நோக்கி உரைப்பவற்றுள் பல, நாம் கண்ணால் கண்டவையே. 2018இல் பிராட்வேயில் கிளாடிஸாக நடித்து, மறு ஆண்டு டோனி விருது பெற்ற எலைன் மேக்கு அப்போது வயது 86. அத்தகைய நடிப்புக்கு உரையாசிரியர் எதற்கு?