ஹென்றி கவெல்: ஆக்குநரும் பதிப்பாளரும்

அமெரிக்க இசையாளர் ஹென்றி கவெலை (1897–1965) ஆராயப் புகும் தமிழ் ஆய்வாளர்க்கு முதலில் புலப்படுவது அவருடைய கருநாடக இசைத் தொடர்பே. 1931-32இல் பெர்லினில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் அவர் அவ்விசையின் இலக்கணம் பயின்றார். பின்னாளில் ‘மெட்ராஸ்’ எனப் பெயரிட்டு ஒரு சிம்பொனியும் இயற்றினார். எனினும் இசை வரலாற்றில் அவர்க்குரிய இடம் பிறர் படைப்புகளை அவர் வெளிக்கொணர்ந்ததனால் அமைந்தது எனல் பொருந்தும். ‘சமகாலச் செவ்விசை’ என்னும் தொடர் தமிழ்க் காதுக்கு முரணாகவே ஒலிக்கும். செம்மை என்பதைத் தொன்மையோடு இணைத்தே எண்ணப் பழகியவர்கள் நாம். அம்முரணையே தம் பணிக்களமாக்கிக் கொண்டவர் கவெல்.

1927இல் அவர் தொடங்கிய ‘நியூ மியூசிக்’ காலாண்டிதழ் இசையைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடவில்லை, இசைக்குறிப்புகளையே அச்சிட்டது. விலைபோகாதவை எனப் பிற பதிப்பகங்கள் ஒதுக்கியவை இவ்விதழில் இடம்பெற்றன. முதல் இதழில் கார்ல் ரகிள்ஸின் கடுமையான படைப்பைக் கண்டு சந்தாதாரர் பலர் விலகினர். கவெல் தம் நெறியை மாற்றிக் கொண்டாரல்லர். 1929இல் சார்லஸ் ஐவ்ஸின் நான்காம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை அச்சேற்றினார். அச்சிம்பொனி முழுமையாக அரங்கேறியதோ 1965இல்தான். காப்பீட்டுத் தொழிலில் பொருளீட்டிய ஐவ்ஸ் இவ்விதழுக்குப் பணம் தந்து தாங்கினார் என்பதும் மறைக்கத்தக்கதன்று. புரவலரே படைப்பாளராகவும் இருக்கும் நிலையில் பதிப்பாளரின் நடுநிலை வினாவுக்கு உரியதாகிறது. ஆயின் 1934இல் தொடங்கிய இசைத்தட்டு வரிசையின் முதல் தட்டிலேயே ரூத் கிராஃபோர்டின் நால்வர் இசைப் படைப்பின் மெதுநடைப் பகுதி இடம்பெற்றமை அவ்வையத்தைப் பெரிதும் தணிக்கிறது. பெண் இசையாக்குநர்க்கு அரங்கு அரிதாயிருந்த காலம் அது.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் காலம் ஏற்றுக்கொண்ட நூல்களை மீட்டனர். கவெல் பதிப்பித்தவையோ காலத்தின் தீர்ப்பு இன்னும் வராதவை. தரம் பிரித்தாராமல் அனைத்தையும் ஏற்றார் என அவர்மேல் குறை கூறலாம். ஆனால் கேட்பதற்கே வாய்ப்பில்லாத ஒன்றை எவ்வாறு தரம் பிரிப்பது?

இவ்விரிந்த மனம் அவருடைய சொந்த ஆக்கத்தில் அதே பயனைத் தரவில்லை. பியானோவின் நரம்புகளைக் கையால் தேய்த்து ஒலியெழுப்பும் ‘பேன்ஷீ’ (1925) போன்ற தொடக்கப் படைப்புகளில் உள்ள துணிவு, 1959இல் சென்னையிலேயே அரங்கேறிய ‘மெட்ராஸ்’ சிம்பொனியில் காணப்படவில்லை. சென்னையின் பெயர் தாங்கிய அப்படைப்பில் மிருதங்கம் இல்லை. தபலா வகைக் கருவியே ஒலிக்கிறது. சாம்பமூர்த்தியிடம் பயின்றவர்க்கு இவ்வேறுபாடு தெரியாதிருக்க வழியில்லை. பிறர் படைப்பை அதனதன் இயல்பிலேயே விட்டுவைத்த பதிப்பாளரின் நுண்மையை ஆக்குநர் இங்குக் கைவிட்டார் என்றே கொள்ள வேண்டும். உடன்வரும் ஜலதரங்கத்துக்கு இக்குறை பொருந்தாது. கருநாடக இசை அரங்குகளிலும் வழங்கிய கருவியே அது.