ஆபோல் தாபோல்: ஒட்டுச் சொல்லும் ஒட்டு விலங்கும்

சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ வங்க மொழியில் சிறுவர்க்காக எழுதப்பட்ட அபத்தப் பாடல்களின் தொகுப்பு. எழுதியவரே படங்களையும் வரைந்தார். அவருடைய தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் இப்பாடல்களில் பல முதலில் வந்தன. காலா அசார் நோயில் படுத்தபடியே நூல் வேலையைக் கவனித்த ராய் 1923 செப்டம்பர் 10 அன்று, 35 வயதில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து நூல் வெளிவந்தது.

தொகுப்பின் உத்தியை ‘கிச்சுடி’ என்ற ஒரு பாடலிலேயே பார்த்துவிடலாம். கிச்சடிதான், அரிசிக்கும் பருப்புக்கும் பதில் விலங்குகள். ஹாதி என்றால் யானை, திமி என்றால் திமிங்கிலம்; இரண்டும் கலந்தால் ‘ஹாதிமி’. பக் என்ற கொக்கும் கச்சப் என்ற ஆமையும் சேர்ந்து ‘பகச்சப்’ ஆகின்றன. முதற்சொல் முடியும் ஒலியிலேயே அடுத்த சொல் தொடங்குகிறது. ஒட்டு அங்கேதான் விழுகிறது. இலக்கணத்துக்குக் கட்டுப்படமாட்டேன் என்ற அறிவிப்போடு பாடல் ஆரம்பிக்கிறது. ஆனால் இந்தச் சந்தியைப் பார்த்தால், இலக்கணம் நன்றாகத் தெரிந்தவரின் குறும்பு என்பது புரியும். சொல்லில் நடந்த ஒட்டு வேலையே படத்தில் உடம்பில் நடக்கிறது. படமோ சிரிப்பு மூட்ட முயல்வதில்லை. இப்படியொரு பிராணி எங்கோ மேய்ந்துகொண்டிருப்பதுபோல, விலங்கியல் நூலுக்கு வரையும் அக்கறையோடு வரையப்பட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குக்கூட பெயரும் உருவமும் ஒரே நொடியில் பிடிபடுவது இதனால்தான்.

இதே பலம் மொழிபெயர்ப்பில் இடறுகிறது. யானையும் திமிங்கிலமும் தமிழில் எந்த எழுத்திலும் ஒட்டுவதில்லை. கொக்கையும் குரங்கையும் சேர்த்துக் ‘கொக்குரங்கு’, ஆமையையும் மைனாவையும் சேர்த்து ‘ஆமைனா’ என்று செய்யலாம். ஒட்டு கச்சிதமாக விழும். ஆனால் அவற்றுக்கு ராயின் படங்கள் உதவா. படத்தைக் காப்பாற்றினால் சொல் போகிறது, சொல்லைக் காப்பாற்றினால் படம் போகிறது.

எல்லாப் பாடலிலும் படம் இவ்வளவு உழைக்கவில்லை. ‘குரோர் கல்’ பாடலில் சித்தப்பா ஒரு பொறியைக் கண்டுபிடிக்கிறார். தோளில் மாட்டிய சட்டத்திலிருந்து தின்பண்டம் மூக்குக்கு நேரே தொங்கும். அதை எட்டிப் பிடிக்கும் ஆசையில் ஐந்து மணிநேர வழியை ஒன்றரை மணியில் நடந்துவிடலாம். அது என்ன பொறி என்று பாட்டு மெல்ல மெல்ல அவிழ்க்க, படம் முந்திக்கொண்டு உடைத்துவிடுகிறது. பக்கத்தைத் திருப்பியதும் கண் முதலில் போவது படத்துக்குத்தானே. இதற்கு நேர்மாறு ‘கோஃப் சுரி’. தன் மீசை திருட்டுப்போனதாக அலுவலகப் பெரியவர் கூச்சல் போடுகிறார். படத்தில் மீசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதிகாரிக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. குழந்தைக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறு கிடையாது.

கேலியின் இலக்குதான் அதிகம் விவாதிக்க வேண்டியது. ‘எகுஷே ஆயின்’ பாடலில் அற்பக் காரணங்களுக்கெல்லாம் 21 என்ற கணக்கில் தண்டனை. ஆங்கிலேய ஆட்சியின் சட்டங்கள் மீதான குத்தல் குழந்தைக்கு எட்டாது. எட்டாவிட்டாலும் நட்டமில்லை, தண்டனைகளின் விசித்திரமே போதும். ‘சத் பாத்ர’ அப்படி அல்ல. பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வந்தவர் கங்காராமின் ‘பெருமைகளை’ அடுக்குகிறார்: மெட்ரிக் தேர்வில் பத்தொன்பது முறை தோல்வி, கறுத்த நிறம், ஆந்தை முகம், சித்தம் கலங்கிய சகோதரன். போதாததற்குக் கம்சனின் வம்சம் என்றும் சொல்கிறார். அடி விழுவது குலப்பெருமை பேசிச் சம்பந்தம் முடிக்கும் வழக்கத்தின் மீது என்று வாதாடலாம், வாதம் சரியானதும்கூட. ஆனால் அந்த அங்கதம் கல்யாணப் பேச்சுகளைக் கேட்டுப் பழகிய வயதுக்கே விளங்கும். ஐந்து வயதுக் காதில் முதலில் விழுவது கறுப்பு சிரிப்புக்குரியது என்பதும், மனநோய் சிரிப்புக்குரியது என்பதும்தான். ஹாதிமியைப் பார்த்துச் சிரிக்கும்போது எந்தக் குழந்தையும் தன் தோலைத் தடவிப் பார்த்துக்கொள்வதில்லை.