‘ஊர்’ என்றொரு நிரல்

‘பணமா, உயிரா?’ என்பது வழிப்பறிக்காரனின் கேள்வி. அதைத் தலைப்பாக்கி 1992இல் அமெரிக்காவில் வெளிவந்தது, ஜோ டொமிங்கெஸ், விக்கி ரொபின் இருவரும் எழுதிய ‘யுவர் மணி ஓர் யுவர் லைஃப்’. நாற்பது வயதுக்குள் வேலையை விட்டு, சேமிப்பின் வருமானத்தில் வாழலாம் என்று இன்றைய இளையவர்கள் பேசுவதற்கெல்லாம் இதுதான் மூலநூல். 2018இல் ரொபின் இதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். எங்கள் வீடுகளில் இது பெரும்பாலும் பிள்ளைகளின் மேசையில்தான் கிடக்கிறது. பெற்றோரும் படிக்கவேண்டிய நூல். ஆனால் கையில் பென்சிலோடு படிக்கவேண்டும்.

விரைவில் பணக்காரராகும் வழி சொல்லும் நூலல்ல இது. வோல் ஸ்ரீற்றில் பகுப்பாய்வாளராக இருந்த டொமிங்கெஸ் 1969இல், 31 வயதில் வேலையை விட்டவர். 1997இல் இறக்கும்வரை சம்பள வேலைக்குத் திரும்பவில்லை. பணம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் எளியது: நாம் உயிரிலிருந்து வெட்டிக் கொடுக்கும் நேரம். எனவே முதலில் உண்மையான மணித்தியாலச் சம்பளத்தைக் கணக்கிடச் சொல்கிறார். வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு 800 டொலர் என்றால் 20 டொலர் என்று நினைக்கிறோம். பஸ்ஸில் போன 10 மணித்தியாலத்தையும் அசதி தீரப் படுத்துக் கிடந்த 5 மணித்தியாலத்தையும் கூட்டுங்கள். பயணக் காசு, கடைச் சாப்பாடு, வேலை உடுப்பு என்று 140 டொலரைக் கழியுங்கள். மிஞ்சுவது 55 மணித்தியாலத்துக்கு 660 டொலர், அதாவது 12 டொலர். அதன்பிறகு 60 டொலர்ச் சட்டை ஒன்று 5 மணித்தியாலமாகத்தான் கண்ணில் தெரியும். நூலின் மிக நேர்மையான பகுதி இது.

சிக்கல் நான்காவது படியில் தொடங்குகிறது. மாதச் செலவின் ஒவ்வொரு நிரலையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறது நூல். கொடுத்த உயிருக்கு ஏற்ற நிறைவு கிடைத்ததா? இது என் விழுமியங்களோடு ஒத்துப்போகிறதா? பிழைப்புக்காக வேலை செய்யத் தேவையில்லாவிட்டால் இந்தச் செலவு எப்படி மாறும்? நானும் பழைய கொப்பிகளை எடுத்து, வந்த நாள் முதலான கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாடகை, சாப்பாடு, உடுப்பு எல்லாவற்றையும் மீறி நீண்டு நின்றது ‘ஊர்’ என்றொரு நிரல். தம்பியைக் கொழும்பிலிருந்து எடுக்க ஏஜென்சிக்குக் கட்டிய காசு, அக்காவின் கலியாணம், அம்மாவின் மருந்து, அதற்காக எடுத்த சீட்டு, சீட்டுக்காகச் செய்த இரவு வேலை.

மூன்றாவது கேள்வி இங்கே தலைகீழாகிவிடுகிறது. வேலைக்குப் போனதால் வந்த செலவல்ல இது. இந்தச் செலவுக்காகத்தான் நாங்கள் வேலைக்கே போனோம். இரண்டாவது கேள்வியில் இதற்கு இடமுண்டே என்று நூலின் ஆதரவாளர் சொல்லக்கூடும். உண்டு, ஆனால் தனிமனிதர் விரும்பித் தேர்ந்த ஒன்றாக மட்டுமே. தேர்வு என்று எண்ணவே நேரமில்லாத கடமைக்கு அந்தப் பட்டியலில் பெயரில்லை. நூலாசிரியர்கள் சுயநலக்காரர்கள் அல்லர். நூலின் வருவாயைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் பொதுப்பணிக்குக் கொடுத்தவர்கள். அவர்களுடைய ஒழுங்கில் முதலில் விடுதலை, பிறகு ஈகை. வள்ளுவர் வரவு செலவைப் பேசும் இடம் ‘வலியறிதல்’ அதிகாரம். அங்கே அளவறிந்து கொடுப்பதும் அளவறிந்து வாழ்வதும் அடுத்தடுத்தே வருகின்றன. கொடுப்பதும் அங்கே வரவு செலவுக்குள்தான் இருக்கிறது.

பின்வந்தவர்கள் இந்த நூலின் பொறுமையை ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிட்டார்கள். ஆண்டுச் செலவின் 25 மடங்கைச் சேர், ஆண்டுக்கு 4 வீதம் எடு என்கிறார்கள். 40,000 டொலர் செலவுக்குப் பத்து இலட்சம் டொலர். இதன் மூலம் வில்லியம் பெங்கன் 1994இல் எழுதிய கட்டுரை. அவர் கணக்கிட்டது 30 ஆண்டு ஓய்வுக்கு. 35 வயதில் வேலையை விடுபவருக்கு 50 ஆண்டுக்கு மேல் தேவைப்படலாம். டொமிங்கெஸ் நம்பியதோ அமெரிக்க அரசுப் பத்திரங்களை. 1981இல் அவற்றின் நீண்டகால வட்டி 14 வீதத்தையும் தாண்டியிருந்தது. அந்த வட்டி போய்விட்டதால்தான் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு வேறு முதலீடுகளையும் பேசவேண்டியதாயிற்று. காலம் தந்த வசதியை ஒழுக்கத்தின் பலனாக மட்டும் வாசித்துவிடக் கூடாது.

இடமும் அப்படித்தான். கனடாவின் முதியோர் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பின் 40 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். 38 வயதில் வந்திறங்கியவருக்கு 65 வயதில் 40இல் 27 பங்குதான். அவர் ‘முன்கூட்டிய ஓய்வு’ பற்றி யோசிக்கமுன்னரே கணக்கு 13 ஆண்டு பின்தங்கி நிற்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்த நூலை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது எங்களிடமும் ஒரு பொய்யைக் கண்டுபிடிப்பதுதான். ஊருக்கு அனுப்பினோம் என்பது உண்மை. ஆனால் அம்மாவும் போய், தம்பியும் தலையெடுத்த பிறகும் இரண்டாவது வேலையை நாங்கள் விடவில்லை. பெரிய வீடு, சாமத்தியவீட்டுக்குப் பெரிய மண்டபம், அதைவிடப் பெரிய மண்டபம். அவற்றை மணித்தியாலமாக மாற்றிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் நித்திரையான பிறகு வீட்டுக்கு வந்த இரவுகள் அந்த எண்ணுக்குள் இருந்தன. ‘ஊர்’ என்ற நிரலின் பின்னால் அவற்றையும் ஒளித்து வைத்திருந்தோம். போதும் என்று சொல்ல எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இந்த நூல் அதைச் சொல்லித்தர முயல்கிறது.

என் மகளும் கணக்குப் போடுகிறாள். நாற்பதில் வேலையை விடுவாளாம். அவளுடைய அட்டவணையைக் காட்டினாள். வாடகைக்குக் கீழே, சாப்பாட்டுக்கு மேலே, ‘அப்பா அம்மா’ என்றொரு நிரை இருந்தது. அது எதற்கு, எங்களுக்கு ஓய்வூதியம் வரும்தானே என்றேன். “அது 40இல் 27தானே அப்பா” என்றாள். நூலில் இல்லாத நிரையை அவள் தானாகவே சேர்த்திருக்கிறாள். அந்தத் தொகையை எப்படிக் குறைப்பது என்றுதான் நானும் மனைவியும் இப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.