தாழ்ப்பாள் யார் கையில்?

பாட்டுக்கு வயதாகிவிட்டது; அது எழுப்பிய கேள்விக்கோ இன்னும் நரை விழவில்லை!

புரட்சிக் கவிஞர் பாரதிதாசனின் முதல் கவிதைத் தொகுதி 1938-இல் வெளிவந்தது. அதிலே ‘தவிப்பதற்கோ பிள்ளை?’ என்றொரு பாட்டு. ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று சொல்லிக்கொண்டே பசித்த வயிறுகளைப் பெருக்கிவந்த நாடு இது. பிள்ளை வரம் வேண்டி அரசமரத்தை வலம் வந்த நாடு இது. இந்த நாட்டிலே, காதல் வேறு, கருவுறுதல் வேறு; முன்னதை விரும்பியவர் பின்னதைத் தண்டனையாக ஏற்க வேண்டியதில்லை என்று ஒரு கவிஞன் துணிந்து பாடினான். காதலுக்குத் தடையின்றிக் கருவுக்கு மட்டும் தடையிடும் வழியொன்றைத் தேடச் சொன்னான். விதியை வினவினான், வெட்கத்தை விரட்டினான். தமிழ்க் கவிதை அதுவரை எட்டிப்பாராத இடம் அது. அதற்காக அந்தப் பாட்டை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

ஆயினும், பாராட்டி முடித்தபின் திறனாய்வாளன் ஒன்று கேட்டாக வேண்டும். தடை வேண்டுமென்றார் கவிஞர், சரி. அந்தக் கதவின் தாழ்ப்பாள் யார் கையில் இருக்க வேண்டும்? பாட்டு அதைச் சொல்லவில்லை. தவிக்கும் பிள்ளையைப் பார்த்து அது உருகுகிறது. தவிக்கும் தாயின் உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது பெரியாரின் உரைநடை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கருத்தடை பற்றிய கட்டுரையைப் படித்தோர் அறிவர். உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமை தீர்வதற்காக, குடும்பச் சொத்து சிதறாமலிருப்பதற்காகக் கருத்தடை வேண்டுமென்று பிறர் பேசினர். பெரியாரோ, பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். இது சொல் மாற்றமன்று, அடிப்படையே மாறுகிறது. வறுமைக்காக எனில், வறுமை தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்துவிடும். விடுதலைக்காக எனில், வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் என்றென்றும் அவளுடையது.

இவ்விரண்டுக்கும் பின் வந்தது மூன்றாவது இலக்கியம்: சுவரிலே எழுதப்பட்ட அரசாங்க இலக்கியம்! 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது இந்தியா. பின்னாளில் சிவப்பு முக்கோணத்தோடு, ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. ஓசை இனிது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? எண்ணிக்கை இருக்கிறது, பெண் இல்லை! எத்தனை என்று சொல்கிறது. எப்போது, எவ்வழியில், யார் விருப்பப்படி என்று சொல்லவில்லை. கவிஞரின் மௌனம் கைக்குற்றம். சுவரின் மௌனமோ கொள்கை.

அக்கொள்கையின் விளைவைக் கணக்கே காட்டும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 38 பேர் நிரந்தரக் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டிலே பாதிக்கும் மேல்! அறுவை செய்துகொண்ட ஆண்களோ, இந்திய அளவில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்குரிய அறுவை எளிது, காயமும் சிறிது. இருந்தும் கத்தி பெண்ணைத்தான் தேடிச் செல்கிறது. 2014 நவம்பரில் சத்தீசுகர் மாநிலம் பிலாசுப்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது; அங்கும் அடுத்தடுத்த முகாம்களிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். அத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துக என 2016-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

அறுவை தீதென்று கூறவில்லை. விரும்பி ஏற்பவளுக்கு அது நல்வழியே. அந்த ஒரு கதவைத் தவிர மற்றவை அவள் கண்ணுக்குக் காட்டப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு.

மற்றவை எவை? ஹார்மோன் எனப்படும் சுரப்புநீர் கலந்த மாத்திரை பலருக்கு ஏற்றதே. ஆயின் உயர் இரத்த அழுத்தமோ இரத்தக் கட்டிகளோ உடையவர்களும், புகைபிடிக்கும் 35 வயதைக் கடந்தோரும் ஈஸ்ட்ரோஜன் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கு எந்தச் சுரப்புநீர் முறையும் ஆகாது. அவர்களுக்கும், எக்காரணத்தாலோ சுரப்புநீர் வேண்டாம் என்போருக்கும் வழி இல்லையா? உண்டு.

முதலாவது, காப்பர்-டி. கருப்பையினுள் பொருத்தும் சிறு கருவி. அதிலிருந்து கசியும் செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. 380ஏ என்னும் வகை பத்தாண்டு பயன் தரும்; ஓராண்டில் 100 பேரில் ஒருவர்கூடக் கருவுறுவது அரிது. வேண்டும்போது எடுத்துவிட்டால் கருவுறும் ஆற்றல் திரும்பும். பாதுகாப்பற்ற உறவுக்குப்பின் ஐந்து நாளுக்குள் பொருத்தினாலும் கருவைத் தடுக்கும். குறையும் உண்டு: தொடக்க மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் மிகலாம். நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இரத்தசோகை உடையவர்கள். ஆகவே இதை மறைத்துப் பொருத்துவது மோசடி. 1965-இல் ‘லூப்’ என்னும் நெகிழி வளையத்தை அவசர அவசரமாகப் பொருத்திவிட்டு, இரத்தம் போகிறதென்று வந்தவளைச் சரிவரக் கவனிக்காததால் நல்ல முறையொன்று நாடெங்கும் பெயர் கெட்டது. அந்தப் பாடம் மறக்கலாகாது.

இரண்டாவது, சென்ட்குரோமன் மாத்திரை. இலக்னோவின் மத்திய மருந்தாய்வுக் கழகம் கண்டது. 1991-இல் ‘சகேலி’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2016-இல் ‘சாயா’ எனும் பெயரில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. இது சுரப்புநீரன்று. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரு முறை, பின் வாரம் ஒரு முறை. மாதவிலக்கு தள்ளிப்போகலாம். நம் நாட்டு அறிஞர் கண்ட மாத்திரை; நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

மூன்றாவது, உறைகள். ஆணுறையைத் தவறாது பயன்படுத்தினால் ஓராண்டில் 100-க்கு 2 பேர்தாம் கருவுறுவர். நடைமுறையிலோ 13 பேர். எனினும் பால்வினை நோயையும் தடுப்பன உறைகளே. பெண்ணே அணியும் பெண்ணுறையும் உண்டு. நடைமுறையில் அதன் காப்பு இன்னும் குறைவு. பிள்ளை பெற்று ஆறு மாதத்துக்குள், மாதவிலக்குத் திரும்பாத நிலையில், தாய்ப்பால் மட்டுமே ஊட்டுபவளுக்கு அதுவே காவல். நாள் கணக்குப் பார்க்கும் முறையோ, மாதவிலக்கு ஒழுங்கற்றவளைக் கைவிடும். கணவன் இசையாத வீட்டில் எவளையும் கைவிடும்.

இத்தனை கதவுகள் இருந்தும் ஒரு கதவே திறந்திருப்பதேன்? மற்றவற்றில் தாழ்ப்பாள் அவள் கையில் இருக்கிறது. வேண்டியபோது போடுவாள், வேண்டாதபோது எடுப்பாள். அறுவையிலோ ஒரு நாள் ஒப்பம், அதனோடு முடிந்தது. கணக்கெழுதும் அதிகாரிக்கு அது வசதி. கவலையற்ற கணவனுக்கும் அது வசதி.

மேடையிலே பெண்ணுரிமை முழங்கும் இளந்தோழனே! பாட்டை நீ கைதட்டி வரவேற்றாய். கட்டுரையைப் பொன்னேபோல் போற்றினாய். உன் துணைவியிடம் எந்த முறை வேண்டும் என்று கேட்டாயா? மருத்துவரிடம் அவளுடன் சென்றாயா? அறுவைதான் வழியென்று இருவரும் முடிவெடுத்தால், முதலில் நீ எழுந்து நின்றாயா?

கவிஞர் கதவைக் காணச் சொன்னார். அறிவியல் கண்டு தந்தது. பெரியார் அதை யாருக்காக என்று சொன்னார். எஞ்சியிருப்பது ஒன்றே: தாழ்ப்பாளை அவள் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்பது. அதைச் செய்யாதவரை, அந்தப் பாட்டை நாம் பாடியிருக்கிறோமே தவிரப் படிக்கவில்லை!